வெள்ளவத்தையில லினக்ஸ் தெரிஞ்ச ஒரு ரிப்பெயார் கடை: காணாமப் போன வைஃபையும் மூண்டு பாஸ்வேர்ட் பெட்டியும்

வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கமா இறங்குற ஒரு ஒழுங்கைக்குள்ள, தையல் கடைக்கு மேல்மாடியில, ஒரு சின்ன லப்டொப் ரிப்பெயார் கடை இருக்கு, அதைப் பற்றித்தான் எழுதுறன். பேர் போடேல்லை, ஏனெண்டா அந்த அண்ணை தனி ஆளா வேலை செய்யிறவர், ஒரேயடியா ஆக்கள் வந்தா ஒருத்தற்ற வேலையும் ஒழுங்காச் செய்ய ஏலாமப் போயிடும், பேர் போடாதேங்கோ தங்கச்சி எண்டு கேட்டவர். தேவையான ஆக்கள் எனக்கு மெசேஜ் போடுங்கோ, வழி சொல்லுறன். லினக்ஸ் எண்டா விண்டோஸுக்குப் பதிலாப் போடுற இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டம். அது போட்ட லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கொழும்பில கடை கடையா அலைஞ்ச ஆக்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்கும், நான் போன இடமெல்லாம் லினக்ஸ் எண்டு சொன்ன உடனயே விண்டோஸ் அடிச்சுத் தாறம் எண்டதுதான் பதில்.

நான் வீட்டில இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்யிறன், தமிழ் சிங்களம் இங்கிலிஷ் மூண்டும். லப்டொப் 2015ல வாங்கினது. 2022ல டொலர் 200 ரூபாவில இருந்து 360 ரூபாவுக்கு ஏறின நேரம் புது லப்டொப் எண்டு யோசிக்கவே ஏலாது, விண்டோஸும் அதில இழுபட்டுக்கொண்டு கிடந்தது, அப்ப என்ட மச்சான்தான் உபுண்டு எண்ட லினக்ஸ் வகையின்ட 22.04 பதிப்பைப் போட்டுத் தந்தவர். அண்டையில இருந்து அந்தப் பழைய மெஷின் எனக்குச் சோறு போடுது, உண்மையா நன்றியோடதான் சொல்லுறன். மச்சான் பிறகு கனடா போயிட்டார். எங்கட நேரம் இரவு எண்டா அங்க பகல், அவர் வேலையில நிப்பார், சும்மா சும்மா கோல் எடுத்துக் கரைச்சல் குடுக்க மனம் வராது.

இந்த வருசம் 22.04ல இருந்து 24.04க்கு ஏத்தினன், அது பிரச்சினை இல்லாம முடிஞ்சுது, ஒரு சின்னக் கரைச்சல் மட்டும், அதைப் பிறகு சொல்லுறன். ரெண்டு கிழமைக்குப் பிறகு வழமையான அப்டேட் ஒண்டு வந்தது, அதில கெர்னலும் இருந்தது, கெர்னல் எண்டா எல்லாத்துக்கும் அடியில கிடந்து மெஷினை நடத்துற பகுதி. அது ஓடிக்கொண்டிருக்கேக்க அம்மா குசினியில கேத்திலைப் போட ட்ரிப் சுவிட்ச் விழுந்துட்டுது. என்ட லப்டொப்பில பட்டரி எண்டு பேருக்கு ஒண்டு இருக்கே தவிர வயரைக் கழட்டினா ஒரு நிமிசம் நிக்காது, அதால அப்டேட் பாதியில அறுந்து போச்சு. திரும்பப் போட மெஷின் வடிவா எழும்பினது, படம் வந்தது, ஃபைல் எல்லாம் இருந்தது, மேல் மூலையில வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. செட்டிங்ஸ்க்குள்ள போனா வைஃபை அடப்டர் இல்லை எண்டு சொல்லுது. அடுத்த நாள் பின்னேரம் நான் ஒரு 40 பக்க ஆவணம் குடுக்க வேணும்.

பதட்டத்தில கொழும்புக்குள்ள ஒரு பெரிய கடைக்குக் கொண்டு போனன், பேர் வேண்டாம். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு வைஃபை கார்ட் செத்துப்போச்சு, புது கார்ட் 9000, பார்த்த கூலி 2500 எண்டாங்கள். எனக்கு ஏனோ மனம் ஒத்துக்கொள்ளேல்லை, ஏனெண்டா அப்டேட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல் வரைக்கும் நல்லா வேலை செய்த கார்ட் ஏன் அந்த நேரம் பார்த்துச் சாகுது. 2500ஐக் குடுத்துட்டு மெஷினை எடுத்துக்கொண்டு வந்துட்டன். வீட்ட வந்து போட்டா லொகின் பாஸ்வேர்ட் வேலை செய்யேல்லை, கோல் எடுத்துக் கேட்டா, அது மாத்தி 1234 எண்டு வச்சிருக்கிறம் மிஸ் எண்டாங்கள். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. அந்த 1234ஐப் போட்டு உள்ள போனா புதுசா ஒரு பாஸ்வேர்ட் பெட்டி வந்து நடு ஸ்கிரீன்ல நிக்குது, அதுக்கு 1234ஐக் குடுத்தா ஏற்குதில்லை. ஒரு பிரச்சினையோட போனன், மூண்டோட திரும்பி வந்தன். இதை ஏன் இவ்வளவு விவரமாச் சொல்லுறன் எண்டா, பிறகு வெள்ளவத்தை அண்ணை கண்டுபிடிச்சதில பாதி, அப்டேட் செய்த பிழையே இல்லை.

பக்கத்து ஃபிளட் அக்கா ஒராள் சொல்லித்தான் வெள்ளவத்தைக்குப் போனன். படி செங்குத்து, கைபிடியும் இல்லை, வயசான ஆக்களைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. கடை எண்டா ஒரு அறைதான், ஒரு மேசை, ஒரு ஃபேன், சுவர் முழுக்கக் கொளுவி விட்ட சார்ஜர்கள், கோச்சி போகேக்க ஸ்க்ரூ வைக்கிற தகர டப்பா கிலுங்கும். அண்ணைக்கு ஒரு 50 வயசிருக்கும். நான் கதையைச் சொல்லத் தொடங்க, அவர் மெஷினைத் திறக்கேல்லை, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கேல்லை, ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினவர். கடைசியா எப்ப வேலை செய்தது, அதுக்குப் பிறகு என்ன நடந்தது, கரண்ட் போனதா, யார் யார் கை வச்சது, ஆர் என்ன மாத்தினது. நான் ட்ரிப் சுவிட்ச் கதையைச் சொன்ன உடன பேனையை வச்சிட்டு, "அப்ப கார்ட் செத்திருக்காது தங்கச்சி, கார்ட்டிட்டயே கேப்பம்" எண்டார்.

கேட்ட விதம்தான் எனக்குப் பிடிச்சது. டேர்மினல் எண்ட, கட்டளை அடிக்கிற ஜன்னலைத் திறந்து எல்எஸ்பிசிஐ எண்ட கட்டளையை அடிச்சார், அது போர்டில கொளுவி இருக்கிற கார்ட் மாதிரிச் சாமான்களை வரிசையாச் சொல்லும், அதில என்ட வைஃபை கார்ட் வடிவா நிக்குது, புரோட்கொம் பிசிஎம்43142 எண்டு. "செத்த கார்ட் பேர் சொல்லாது" எண்டார். அந்த வரிக்குக் கீழ, எந்த டிரைவர் இதைப் பாவிக்குது எண்டு காட்ட வேண்டிய இடத்தில ஒண்டும் இல்லை, வெறுமை. கார்ட் இருக்கு, அதை ஓட்டுற டிரைவர் எண்ட புரோகிராம் இல்லை. இந்த ஒரு வரியைப் பார்க்க அரை நிமிசம் போகேல்லை, மற்றக் கடையில ரெண்டு நாள் இருந்த மெஷின்.

பிறகு பயோஸுக்குள்ள, அதாவது மெஷின் எழும்ப முதல் ஓடுற அடி செட்டிங்குக்குள்ள போய்ப் பார்த்தார், கையெழுத்து இல்லாததை உள்ள விடாத செக்கியூர் பூட் எண்ட பூட்டு ஒன்ல இருந்தது. மச்சான் 2022ல அதை ஓஃப் பண்ணி வச்சது எனக்கு நல்ல ஞாபகம், ஏனெண்டா அப்ப அவர் அதைப் பற்றி ஒரு பெரிய விளக்கம் தந்தவர். மற்றக் கடைக்காறர் பயோஸை ரீசெட் அடிச்சிருக்கினம், அதோட அது தானா ஒன் ஆகிட்டுது. அண்ணை அதை ஓஃப் பண்ணிட்டு, மெஷின் எழும்பேக்க வாற க்ரப் மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் எண்டதுக்குள்ள போய், புதுக் கெர்னலுக்குக் கீழ இருந்த பழைய கெர்னலைத் தெரிவு செய்தார். மெஷின் எழும்பினது, மேல் மூலையில வைஃபை அடையாளம் வந்து சுத்தினது, ஒழுங்கையில இருக்கிற அத்தனை வீட்டு ரவுட்டரின்ட பேரும் வரிசையா இறங்கினது. எனக்கு உண்மையாவே கண் கலங்கிப் போச்சு, 9000 ரூபாக்கு மட்டும் இல்லை, அந்த ஆவணத்தை நெற் கஃபேயில குந்தி இருந்து முடிச்சனான்.

ஏன் இப்படி நடந்தது எண்டு அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன், ஏனெண்டா பழைய லப்டொப்பில லினக்ஸ் வச்சிருக்கிற நிறையப் பேருக்கு இது வரும். அநேகமான வைஃபை கார்ட்டுக்கு டிரைவர் கெர்னலோடயே சேர்ந்து வரும், கெர்னல் மாறினா அதுவும் கூட மாறும், நாங்கள் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. இந்த பிசிஎம்43142 மாதிரி சிலதுக்கு டிரைவர் கெர்னலுக்கு வெளியில தனியா இருக்கு, அதை டபிள்யூஎல் எண்டு சொல்லுவினம், ஒவ்வொரு முறையும் புதுக் கெர்னல் வரேக்க அதுக்கு அளவெடுத்த மாதிரித் திரும்பக் கட்ட வேணும். அந்த வேலையை டிகேஎம்எஸ் எண்ட ஒண்டு பின்னால நிண்டு தானாச் செய்யும். ஆனா கட்டுறதுக்கு அந்தக் கெர்னலின்ட அளவு விவரம் இருக்கிற ஹெடர் ஃபைல்கள் வேணும். எனக்கு கரண்ட் போன நேரம் கெர்னல் ஏறிட்டுது, ஹெடர் ஏறி முடியேல்லை, அதால டிரைவர் கட்டப்படேல்லை. கீழ இருந்து தையல் மெஷின் சத்தம் கேக்க, அண்ணை அதையே காட்டிச் சொன்னவர், புதுச் சட்டை தைச்சாச்சு, பட்டன் தைக்கேக்க கரண்ட் போயிட்டுது, சட்டையில பிழை இல்லை, துணியிலயும் பிழை இல்லை எண்டு.

திருத்தினது இப்படி. என்ட போனை யூஎஸ்பி வயரால கொளுவி டெதரிங் போட்டார், அதாவது போனின்ட நெற்றை லப்டொப்புக்குக் குடுத்தார், வைஃபை இல்லாத மெஷினுக்கு நெற் குடுக்க இதைவிடச் சுகமான வழி இல்லை, ஒரு டிரைவரும் ஏத்தத் தேவையில்லை. பாதியில நிண்ட அப்டேட்டை டிபிகேஜி கன்ஃபிகர் கட்டளையால முடிச்சார், விடுபட்ட ஹெடரை இறக்கினார், டிகேஎம்எஸ் தானா டிரைவரைக் கட்டினது, புதுக் கெர்னல்ல எழுப்ப வைஃபை வந்துட்டுது. எல்லாமா ஒரு 20 நிமிசம். சில கடையில பழைய கெர்னலைத் தெரிவு செய்து குடுத்துட்டு இதுதான் சரி எண்டு அனுப்பிவிடுவினம் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன், அது தற்காலிகமாப் பரவாயில்லை, ஆனா பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் புதுசிலதான் வரும், அதால பழையதிலயே குந்தி இருக்க ஏலாது.

அதோட காசை வாங்கிட்டு அனுப்பி இருக்கலாம், அவர் அனுப்பேல்லை. செக்கியூர் பூட்டை ஓஃப்ல விடுறதா, ஒன் பண்ணுறதா எண்டு என்னட்டக் கேட்டார், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லிட்டுக் கேட்டார். ஒன்ல இருந்தா, கையெழுத்து இல்லாத டிரைவரை மெஷின் உள்ள விடாது, மற்றக் கடையில என்ன முயற்சி செய்திருந்தாலும் வைஃபை வந்திராது, ஏனெண்டா ஒரு கதவை அவையளே பூட்டிப்போட்டு மற்றக் கதவைத் தட்டிக்கொண்டு நிண்டிருக்கினம். உபுண்டுவில நாங்கள் கட்டுற டிரைவருக்கு மெஷினே ஒரு சாவி செய்து கையெழுத்து வைக்கும், அந்தச் சாவியை ஒருக்கா மட்டும் நாங்கள் பயோஸ் பக்கம் அறிமுகப்படுத்தி வைக்க வேணும், அதை எம்ஓகே எண்டுறது. நான் ஒன் பண்ணச் சொன்னன், ஆக்களின்ட பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி எல்லாம் என்னட்ட வருது, பூட்டு இருந்தா நல்லம்.

இந்த இடத்தைக் கவனமா வாசியுங்கோ, நிறையப் பேர் இதிலதான் விழுறவை. டிரைவரைத் திரும்ப ஏத்தேக்க ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லிக் கேக்கும், 8 எழுத்தில இருந்து 16 எழுத்துக்குள்ள. அது உங்கட லொகின் பாஸ்வேர்ட் இல்லை, வைஃபை பாஸ்வேர்டும் இல்லை, அடுத்த முறை மெஷின் எழும்பேக்க ஒருக்காக் கேக்குறதுக்கு மட்டும். ரீஸ்டார்ட் பண்ண ஒரு நீல ஸ்கிரீன் வரும், ஏதாவது ஒரு கீயை அமத்துங்கோ எண்டு சொல்லி 10 செக்கன்ட் எண்ணும். அந்த 10 செக்கன்டுக்குள்ள அமத்தாட்டி அது தன்ட பாட்டில போயிடும், வைஃபையும் இல்லை, ஏன் இல்லை எண்டும் தெரியாது, நீங்கள் தேத்தண்ணி போட எழும்பிப் போன நேரம் அது வந்து போயிருக்கும். அமத்தினா என்ரோல் எம்ஓகே, பிறகு கன்டினியூ, பிறகு யெஸ், பிறகு அந்தப் பாஸ்வேர்ட், பிறகு ரீபூட். அண்ணை என்னையே குந்த வச்சு என்ட கையாலயே செய்ய வச்சவர், தான் பின்னால நிண்டு ஒண்டையும் தொடேல்லை. அந்த ஸ்கிரீன்ல மவுஸ் வேலை செய்யாது, அம்புக் கீயாலதான் இறங்க வேணும், அது தெரியாம மவுஸைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தா பயம் பிடிச்சிடும்.

அடுத்தது அந்த நடு ஸ்கிரீன் பெட்டி. அதில எழுதி இருந்தது த லொகின் கீரிங் டிட் நொட் கெட் அன்லொக்ட் எண்டு, நான் அதை வாசிக்காம பாஸ்வேர்ட் எண்ட சொல்லை மட்டும் பார்த்து எனக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்ட் எல்லாத்தையும் அடிச்சுப் பார்த்தனான், வைஃபைப் பாஸ்வேர்ட் உட்பட. கீரிங் எண்டா சாவிக்கொத்து. உங்கட வைஃபை, மெயில், ப்ரௌசர் எல்லாம் ஞாபகம் வச்சிருக்கிற பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பூட்டி வைக்கிற பெட்டி அது, வழமையா லொகின் பாஸ்வேர்டும் அதின்ட பாஸ்வேர்டும் ஒண்டா இருக்கிறதால நீங்கள் உள்ள வரேக்கயே அதுவும் சத்தமில்லாமத் திறந்திடும், அப்படி ஒண்டு இருக்கெண்டே தெரியாது. மற்றக் கடையில ரிக்கவரி வழியால போய் லொகின் பாஸ்வேர்டை மட்டும் 1234 ஆக்கி இருக்கினம், சாவிக்கொத்து இன்னும் என்ட பழைய பாஸ்வேர்டைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நிக்குது. அண்ணை ஸ்கிரீனைப் பார்க்காம அங்கால திரும்பி நிண்டு, "பழைய லொகின் பாஸ்வேர்டை அடியுங்கோ தங்கச்சி" எண்டார், அடிச்சன், பெட்டி போயிட்டுது. மற்றக் கடைக்காறர் என்னட்டக் கேக்காமலே பாஸ்வேர்டை மாத்தினவை, இவர் நான் அடிக்கிறதைப் பார்க்கவும் இல்லை, அந்த ஒண்டிலயே எனக்கு ரெண்டு கடையும் ஆர் எண்டு விளங்கிட்டுது.

பிறகு பாஸ்வேர்ட்ஸ் அன்ட் கீஸ் எண்ட அப்பைத் திறந்து, லொகின் எண்டதில வலது கிளிக் பண்ணி, சாவிக்கொத்துப் பாஸ்வேர்டையும் புது லொகின் பாஸ்வேர்டையும் ஒண்டாக்கினது, 1234ஐயும் அப்பவே தூக்கி எறிஞ்சாச்சு. அந்தப் பெட்டிக்கு எல்லாரும் சொல்லுற குறுக்கு வழி, சாவிக்கொத்து ஃபைலை அழிச்சு விடுங்கோ எண்டது, எனக்கும் ஒராள் அதைத்தான் சொன்னவர், நல்ல காலம் செய்யேல்லை. அழிச்சா உள்ள இருந்த பாஸ்வேர்ட் எல்லாம் போயிடும், க்ரோம் ப்ரௌசர் தன்ட பாஸ்வேர்டுகளைப் பூட்டுற சாவியையும் அதுக்குள்ளதான் வைக்கும், அதால க்ரோம்ல சேமிச்சு வச்சதையும் திரும்ப எடுக்க ஏலாது. இன்னொரு வழி, பாஸ்வேர்டை வெறுமையா விடுறது, அப்ப பெட்டி வராது, ஆனா எல்லாம் பூட்டில்லாம கிடக்கும், லப்டொப்பைத் தூக்கின கள்ளனுக்கு வாசிக்கலாம். பழைய பாஸ்வேர்ட் அடியோட மறந்து போச்செண்டா மட்டும் அழியுங்கோ. ஓட்டோ லொகின் போட்டு வச்சிருக்கிற ஆக்களுக்கும் இந்தப் பெட்டி வரும், ஏனெண்டா உள்ள வரேக்க நீங்கள் பாஸ்வேர்டே அடிக்கேல்லை, பிறகு சாவிக்கொத்தை எதால திறக்கிறது.

மூண்டாவது, நான் மேல சொன்ன சின்னக் கரைச்சல். அம்மாவுக்கு அதே மெஷின்ல தனி எக்கவுண்ட், அவ லண்டன்ல இருக்கிற அக்காவோட கதைக்கிறதுக்கு. 24.04க்கு ஏத்தினதில இருந்து அம்மா வைஃபைக்குப் போனா ஒரு பெட்டி வந்து அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும், நான் ஒவ்வொரு முறையும் குசினியில இருந்து ஓடி வந்து அடிச்சுக் குடுக்கிறது, நான் வெளியில எண்டா அவ பேசாம இருந்துடுவா. இதைச் சொல்லவே தேவையில்லை எண்டு நினைச்சனான், அண்ணைதான் வேற ஏதும் கேக்குதா எண்டு கேட்டு எடுத்தவர். இது பொல்கிட் எண்டதின்ட பெட்டி, இந்த ஆளுக்கு இதைச் செய்ய அனுமதி இருக்கா எண்டு பார்க்கிற காவல்காறன் மாதிரி. மச்சான் 2022ல அம்மாவுக்காக ஒரு அனுமதி ஃபைல் எழுதி வச்சிருக்கிறார், பிகேஎல்ஏ எண்டு முடியிற ஃபைல். 22.04ல இருந்தது பொல்கிட்டின்ட பழைய 0.105 பதிப்பு, 24.04ல இருக்கிறது 124, புதுசு அந்தப் பழைய மாதிரி ஃபைலை வாசிக்காது, அதுக்கெண்டு தனியா ஒரு துணைப் பக்கேஜ் ஏத்தினால்தான் வாசிக்கும். மச்சான் எழுதினது அங்கயே கிடக்குது, ஒருத்தரும் அதைப் பார்க்கேல்லை. அண்ணை புது முறையில ரூல்ஸ் ஃபைல் ஒண்டு எழுதினார், ஒரு பத்து வரி வராது, அதோட வீட்டு வைஃபைக் கனெக்ஷன்ல எல்லா யூசரும் பாவிக்கலாம் எண்ட கட்டத்தையும் டிக் பண்ணச் சொன்னவர். அந்த டிக் இல்லாட்டி வைஃபைப் பாஸ்வேர்ட் என்ட சாவிக்கொத்துக்குள்ள மட்டும் இருக்கும், நான் உள்ள வராம அம்மாவுக்கு நெற் இல்லை.

ஆக இந்த ரெண்டோட வழமையான வைஃபைப் பெட்டியும் சேர மூண்டு பெட்டி, மூண்டும் பாஸ்வேர்ட் எண்டுதான் கேக்குது, மூண்டுக்கும் பதில் வேற. அண்ணை எனக்கு எழுதித் தந்த துண்டில இருந்தது இதுதான்: சாவிக்கொத்து எண்டு போட்டிருந்தா பழைய லொகின் பாஸ்வேர்ட், அனுமதி வேணும் எண்டு போட்டிருந்தா அட்மின்ட பாஸ்வேர்ட், வைஃபையின்ட பேர் போட்டிருந்தா ரவுட்டரின்ட பாஸ்வேர்ட். அம்மா அதை லப்டொப் மூடியின்ட உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கிறா.

வைஃபையின்ட பேர் போட்டுத் திரும்பத் திரும்பக் கேக்கிறது எண்டா அது எப்பவும் பாஸ்வேர்ட் பிழை இல்லை எண்டும் சொன்னவர், இது எனக்கு வீட்டில ரெண்டாம் நாள் நடந்தது. எங்கட ஃபிளட்டில ரவுட்டர் ஹோல்ல, நான் வேலை செய்யிறது பின் அறையில, நடுவில ரெண்டு கொங்கிரீட் சுவர். சிக்னல் பலவீனமா இருந்தா மெஷினும் ரவுட்டரும் கைகுலுக்கிற நேரம் பதில் பிந்தும், அப்ப லினக்ஸ் அதைப் பாஸ்வேர்ட் பிழையாக்கும் எண்டு நினைச்சு உங்களிட்டத் திரும்பக் கேக்கும். கோல் எடுத்துக் கேட்டன், லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில கொண்டுபோய்ப் பாருங்கோ எண்டார், பக்கத்தில கேக்கேல்லை. பின் அறைக்கும் சரிவர, நெட்வேர்க் மனேஜரின்ட வைஃபை பவர்சேவ் செட்டிங்கை 3ல இருந்து 2 ஆக்கச் சொன்னார், 3 எண்டா மின்சாரம் மிச்சம் பிடிக்கும், 2 எண்டா பிடிக்காது, என்ட மெஷின் எப்படியும் வயரிலதான் நிக்குது. அதோட நிண்டுது. கொழும்பில எல்லா அப்பார்ட்மென்டும் இப்படித்தான், பாஸ்வேர்டை மாத்த முதல் நடந்து பாருங்கோ.

தமிழ் டைப் பண்ணுற ஆக்களுக்கு ஒண்டு. கீபோட் லேஅவுட் ரெண்டு மூண்டு வச்சிருந்தா, லொக் ஸ்கிரீன்ல தமிழ் லேஅவுட் நிண்டா சரியான பாஸ்வேர்டும் பிழையெண்டு வரும், புள்ளிதான் தெரியிறதால உங்களுக்கு விளங்காது. ஓரத்தில இருக்கிற பாஷை அடையாளத்தைப் பாருங்கோ. நான் ரங்கநாதன் கீபோட்டுக்காறி, எனக்கு இது ரெண்டு தரம் நடந்திருக்கு.

வேற கார்ட் வாங்கலாமா எண்டும் கேட்டன். அந்தக் காலத்து லப்டொப் சிலதில பயோஸுக்குள்ள ஒரு பட்டியல் இருக்காம், அதில இல்லாத கார்ட்டைப் போட்டா மெஷினே எழும்பாது, பார்க்காமக் காசைக் குடுத்து வாங்காதேங்கோ எண்டார், அப்ப அந்த 9000 ரூபா கார்ட்டும் சில வேளை வேலை செய்திராது. டொங்கிள், அதாவது யூஎஸ்பியில கொளுவுற வைஃபைக் குச்சி, வாங்கிறதெண்டா பெட்டியில இருக்கிற பேரைப் பார்க்காம உள்ள என்ன சிப் எண்டு கேளுங்கோ, அதெரொஸ் ஏஆர்9271, மீடியாடெக் எம்டி7612யூ மாதிரி சிப் எண்டா டிரைவர் கெர்னலுக்குள்ளயே இருக்கு, கொளுவின உடன வேலை செய்யும். அவர் தன்ட லாச்சியில அப்படி ஒண்டு சோதிக்கிறதுக்கெண்டே வச்சிருக்கிறார். நான் வாங்கேல்லை, கார்ட் வேலை செய்யுது, அந்தக் காசுக்குப் பட்டரி பார்க்கச் சொன்னவர், அதுதான் சரியான புத்தி, கரண்ட் போனாலும் அப்டேட் முடியும்.

கடையின்ட குறையளையும் சொல்ல வேணும். போன் எடுக்கிறது அருமை, ரெண்டு மூண்டு தரம் அடிச்சாத்தான் எடுப்பார், இல்லாட்டி இரவு தானே திருப்பி எடுப்பார். பில் தாறேல்லை, ஒஃபீஸ் மெஷின் கொண்டு போற ஆக்களுக்கு அது வில்லங்கம், நான் கேட்டாப்பிறகுதான் கொப்பித் தாள்ல எழுதித் தந்தவர். பாட்ஸ் கையில வச்சிருக்கிறேல்லை, ஸ்கிரீன் உடைஞ்சது, கீபோட் போனது மாதிரி வேலையெண்டா சாமான் எடுப்பிக்க நாள் செல்லும், அதுக்கு வேற கடை பாருங்கோ. ஒரு நேரத்தில ஒராள்தான், எனக்கு முதல் ஒரு பெடியன் விண்டோஸ் 10 மெஷினோட இருந்தவன், 2025 ஒக்டோபர் 14ஓட அதுக்கு சப்போட் முடிஞ்சதால லினக்ஸ் போட வந்தவன், அவனுக்கு விளங்கப்படுத்தி முடிய மட்டும் நான் ஒண்டேகால் மணித்தியாலம் காவல் இருந்தன். அவசரக்காறருக்குப் பொறுமை வராது. எனக்கு அந்தக் காவல் பெரிசாத் தெரியேல்லை, ஏனெண்டா என்ட முறை வரேக்கயும் அவர் அதே மாதிரித்தான் நேரம் எடுத்தவர்.

கூலி எல்லாத்துக்கும் சேர்த்து 3000 எடுத்தவர். மற்றக் கடை ஒண்டும் திருத்தாம 2500. நான் 4000 குடுக்க, ஆயிரத்தைத் திருப்பித் தந்துட்டு, அடுத்த கெர்னல் அப்டேட் வரேக்க நீங்களே செய்யுங்கோ, செய்துட்டு எனக்குச் சொல்லுங்கோ எண்டார். போன கிழமை வந்தது. இரவு எல்லாரும் படுத்தாப்பிறகு போட்டன், டிகேஎம்எஸ் கட்டுற வரி ஓடி முடியுமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தன், ரீஸ்டார்ட் பண்ண நீல ஸ்கிரீன் வரேல்லை, சாவி ஒருக்கா அறிமுகமானாக் காணும், திரும்பக் கேக்காது. வைஃபை தானாப் பிடிச்சது. அண்ணைக்கு மெசேஜ் போட்டன், விடியப்புறம் "நல்லது" எண்டு பதில் வந்திருந்தது.

போறதெண்டா கிழமை நாள்ல பத்து மணிக்குப் பிறகு போங்கோ, சனி பின்னேரம் வேண்டாம், அந்த நேரம் காலி வீதியில பஸ்ஸில இருந்து இறங்கவே பாடு, 100ம் 101ம் நிரம்பி வழியும். சார்ஜரைக் கட்டாயம் கொண்டு போங்கோ, போனும் அதின்ட யூஎஸ்பி வயரும் வேணும், பழைய பாஸ்வேர்ட் ஞாபகம் இருந்தா அதை மனசில கொண்டு போங்கோ, தாள்ல எழுதி அவர் கையில குடுக்க வேண்டாம், அவர் வாங்க மாட்டார்.